ஜெப்சன் அனுப்பிய குரல்

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வெளிவாசலில் ஷிஜின் பெட்டி அடுக்கிய வண்டியை நட்டநடுவே விட்டுவிட்டு ஓடினான். பின்னால் வந்தவர்கள் திட்டியதுகூட அவன் காதில் ஏறவில்லை. ஷார்ஜாவில் இரண்டு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காகக் கிடந்துவிட்டு வருகிறவன், பெண்டாட்டியைப் பார்க்கத்தான் அப்படி ஓடுகிறான் என்று யாராவது நினைத்திருந்தால் அது தப்பு. பிரீனா நல்ல பெண்தான், அவளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் இடுப்பில் இருந்த ஜெப்சனுக்காக ஓடினான். தவழும் பிள்ளையாக விட்டுப்போன மகன், முகத்துக்கு நேரே ஒரு தரம் "ப்பா" என்று கூப்பிட வேண்டும். அதைக் கேட்க வேண்டும். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அவன் அதையே நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

மகனின் குரல் அவன் தங்கியிருந்த அறை முழுவதற்கும் பழக்கம். சாயங்காலம் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தால் போனில் வாய்ஸ் மெசேஜ் காத்திருக்கும். "ப்பா, சாயா குச்சியா?" "ப்பா, ஜெப்பு மட்டிப்பழம் தின்னான்." மழலை என்றால் அப்படி ஒரு மழலை. அடுக்குக் கட்டிலில் மேலே படுத்திருக்கும் மலப்புரத்துக்காரர்கூடத் தலையைத் தொங்கப்போட்டு "ஒன்னுகூடி இடு மோனே" என்பார். ஷிஜின் இன்னொரு தரம் போடுவான். அவனுக்கு மட்டும் போடக் கசக்குமா?

வீடியோவில் வந்தால் ஜெப்சன் பேச மாட்டான். சிரிப்பான், கண்ணாடித் திரையை நக்குவான், ஓடிவிடுவான். "வெக்கம் அவனுக்கு" என்பாள் பிரீனா. வீடியோவை வைத்த கொஞ்ச நேரத்தில் குரல் வந்து சேரும். ஷிஜினுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

விமான நிலைய வாசலில் ஜெப்சன் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தூக்கப்போனால் வீறிட்டான். "தூக்கக் கலக்கம் அத்தான்" என்றாள் பிரீனா. சொந்த ஊரான கருங்கல் வந்து சேரும் வரைக்கும் காரில் ஷிஜின் "அப்பா சொல்லு மக்கா, அப்பா சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். ஜெப்சன் ஜன்னல் கண்ணாடியில் ஓடும் ரப்பர் மரங்களைப் பார்த்தபடி இருந்தான்.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். புது முகம் என்றாள், கடைவாய்ப் பல் முளைக்கிறது என்றாள், தடிமன் பிடித்து மூக்கொழுகுகிறது என்றாள். பிரீனாவிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஷிஜின் பெட்டியில் கொண்டுவந்த சாக்லேட்டை எல்லாம் ஒன்றொன்றாக நீட்டி "அப்பா சொன்னா தருவேன்" என்று பேரம் பேசிப் பார்த்தான். பிள்ளை அழுதான், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து சாக்லேட்டின்மேல் வைத்தான், வாயை மட்டும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து ஷிஜினின் அப்பா நேசமணி வீட்டுக்கு வந்தார். பேரனைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி வெப்ராளப்படாண்டாம்லே. நீயும் நாலு வயசு வரைக்கும் வாயத் தெறக்கல்ல. ஆம்பிளப் பிள்ளைக தாமசிச்சுத்தான் பேசும்" என்றார்.

ஷிஜினுக்குச் சுருக்கென்றது. "அப்பா, அவனுக்குப் பேச்சு நல்லா வரும். என்னக் கண்டுதான் வெக்கம் பிடிச்சுட்டு நிக்கான். கேக்கியளா?" என்று போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, தனக்கு மிகவும் பிடித்த மெசேஜைப் போட்டான்.

"ப்பா, எப்ப வருவே? ஜெப்புக்கு காரு வாங்கிட்டு வா."

தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்த ஜெப்சன் சட்டென்று நிமிர்ந்தான். தன் குரலைக் கேட்ட பிள்ளை போனைப் பார்க்கும் என்றுதான் ஷிஜின் நினைத்தான். ஜெப்சன் போனைப் பார்க்கவே இல்லை. சாயா டம்ளரோடு கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். எழுந்து நடந்துபோய், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாய் மறுபடி எப்போது அசையும் என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

ஷிஜினும் பார்த்தான். நேசமணியும் பார்த்தார். பிரீனாவின் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. டம்ளரில் இருந்த சாயா தளும்பித் தரையில் கொட்டியது.

ஷிஜினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேசமணி ஊர் உலகம் பார்த்த மனிதர். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டு, "நான் பெறவு வாறேன் மக்கா" என்று சாயா குடிக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

"நீயாட்டீ?" என்றான் ஷிஜின்.

பிரீனா மறைக்கவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். "ஒருக்கா சொன்னான் அத்தான், உள்ளதுதான். ஒங்க போட்டோவப் பாத்து 'ப்பா'ன்னான். நான் ஒங்களுக்குச் சொன்னேன், நீங்க போன்ல அழுதிய. சத்தத்த அனுப்பு, சத்தத்த அனுப்புன்னு கேட்டுட்டே இருந்திய. பெறவு அவன் அத மறந்தே போனான். நானும் என்னெல்லாமோ செய்து பாத்தேன். நீங்க அங்க வெயில்ல கெடந்து சாவுகிய, ஒரு சத்தந்தானே கேக்கியன்னு, ஒரே ஒருக்கா நான் அவன மாதிரி..."

"ஒரே ஒருக்காலா?"

"நீங்க பதில் அனுப்புனிய. அத அவன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பான். சிரிப்பான். எனக்கு நிறுத்த முடியல்ல."

பதில் என்றதும்தான் ஷிஜினுக்கு அடுத்த அடி விழுந்தது. அவன் மகனுக்கு என்னவெல்லாம் பேசி அனுப்பியிருக்கிறான்! ஏணி சரிந்து விழுந்து தோள் வீங்கியதைப் பெண்டாட்டியிடம் மறைத்தான், மகனிடம் சொன்னான். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதையும், கழிப்பறையில் போய் நின்று அழுததையும், பேசாமல் ஊருக்கே வந்துவிடலாமா என்று தோன்றுவதையும் சொன்னான். பச்சைப் பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம். புரியாத பிள்ளை "அழாத ப்பா" என்று பதில் அனுப்பியபோது, மகனுக்கு எவ்வளவு புத்தி என்று பூரித்துப் போனவன் அவன்.

"அப்பம் இவ்வளவு நாளும் நான் ஒனக்க கூடயாட்டீ பேசுனேன்?"

"எல்லாம் கேட்டேன்" என்றாள் பிரீனா. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சொல்ல இன்னும் மிச்சம் இருந்தது. அங்கன்வாடியில் சகாயசெல்வி டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தாளாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, வார்த்தை ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரியில் காட்டு என்றாளாம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டி, காது பரிசோதனையும் செய்தாயிற்று. காதில் ஒரு கோளாறும் இல்லை. பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டுபோ, சின்ன வயதில் தொடங்கினால் நல்லது என்று டாக்டர் சொன்னார். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ரேஷ்மி என்ற ஸ்பீச் தெரபிஸ்டிடம் பிரீனா ஒரு நாள் போனாள். அடுத்த தடவை பிள்ளையின் அப்பாவையும் போனில் கூப்பிட்டுப் பேச வைக்கணும் என்று ரேஷ்மி சொன்னாள். அதோடு பிரீனா போகவில்லை. அப்பாவிடம் எதைச் சொல்வாள்? அங்கே தினமும் பேசிக்கொண்டிருக்கிற மகனுக்கு இங்கே பேச்சு வரவில்லை என்றா?

"அது எப்பம்?"

"பெரிய நோம்புக்கு முன்ன."

ஈஸ்டருக்கு முந்திய நோம்பு அது; இப்போது கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. ஷிஜின் சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். நாள் போனது போனதுதானே! பிள்ளைக்கு மருத்துவம் பார்க்காமல் வைத்துக்கொண்டு மெசேஜ் அனுப்பி விளையாடியிருக்கிறாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். பிரீனா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "மொதல்ல ஒருக்கா ஒங்களுக்கிட்ட சொன்னேன் அத்தான். பிள்ள பேச கொறச்சு தாமசிக்கான்னு. எனக்க மகனுக்கு ஒரு கொறயும் கெடையாது, வேற வேலையப் பாருன்னு போன வச்சிய."

வைத்தான். ஞாபகம் இருந்தது. சுவரில் குத்திய கை வலிக்கத் தொடங்கியது.

மறுநாளே ரேஷ்மியைத் தேடிப் போனார்கள். துணிக்கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. ஷிஜின் மனதில் என்னென்னவோ கற்பனை இருந்தது. பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி, நாக்கில் மாட்டுகிற ஏதாவது கருவி, காதில் வைக்கிற ஹெட்போன், குறைந்தபட்சம் ஒரு மருந்துச் சீட்டு. உள்ளே போனால் தரையில் ரப்பர் பாய் விரித்து, ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொம்மைக் கார், மரக்கட்டைகள், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

பிரீனா இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதை ஷிஜினே சொன்னான். ரேஷ்மி கேட்டுக்கொண்டாள். காது பரிசோதனை முடிவை வாங்கிப் பார்த்தாள். பிறந்தபோது அழுதானா, என்ன தின்பான், எப்படித் தூங்குவான், யாரோடு விளையாடுவான், எவ்வளவு நேரம் போன் பார்ப்பான் என்று கேட்டுத் துளைத்துவிட்டாள். பிறகு பிள்ளை டப்பாக்களைச் சுற்றி நடப்பதைக் கவனித்தாள்.

"நாக்குல கட்டு இருக்கும், அத வெட்டுனா செரியாவும்னு சொல்லுகாவ" என்றான் ஷிஜின்.

ரேஷ்மி ஜெப்சனைச் சிரிக்கவைத்து வாய்க்குள் பார்த்தாள். "நாக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணே. வெட்டுகதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்பம் மருந்து?"

"அதுவும் இல்ல."

"பின்ன என்னதான் செய்விய?"

"வெளயாடுவேன்" என்றாள் ரேஷ்மி.

கடல் கடந்து வந்து, வெட்கத்தை விட்டு மாடி ஏறி வந்தால் விளையாடுவாளாம்! வெளியே போய்விடலாமா என்றுகூட ஷிஜின் நினைத்தான். அதற்குள் ரேஷ்மி ஒரு டப்பாவுக்குள் கார் ஒன்றைப் போட்டு இறுக மூடி ஜெப்சன் முன்னால் வைத்தாள். பிள்ளை மூடியைத் திருகிப் பார்த்தான். முடியவில்லை. சிணுங்கினான்.

"தொறந்து வேணுமா மக்களுக்கு?" என்று பிரீனா குனிந்தாள். "சொல்லு மக்கா, கார் தா சொல்லு" என்று ஷிஜினும் குனிந்தான்.

ரேஷ்மி இரண்டு பேரையும் கையமர்த்தினாள். "அக்கா, நீங்க அவனுக்காகப் பேசாண்டாம். அண்ணே, நீங்க 'சொல்லு'ன்னு சொல்லாண்டாம். இஞ்ச ரெண்டுக்கும் எடமில்ல. சும்மா அவன் மொகத்துக்கு நேர தரையில இருந்து, அவனப் பாத்துட்டு இருங்க."

காத்திருந்தார்கள். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய பாடு என்று ஷிஜினுக்கு அன்றுதான் தெரிந்தது. தொண்டைவரை வந்த "சொல்லு"வை விழுங்கி விழுங்கி அவனுக்கு வியர்த்தது. ஜெப்சன் டப்பாவைத் தட்டினான், எறிந்தான், கடைசியில் எடுத்துவந்து ரேஷ்மியின் கையைப் பிடித்து மூடியின்மேல் வைத்தான். ஒரே ஒரு கணம் அவள் கண்ணைப் பார்த்தான்.

"தொற!" என்று ரேஷ்மி அவனுக்காகச் சத்தமாகச் சொல்லி, உடனே திறந்தாள். கார் வெளியே வந்தது. பிள்ளை சிரித்தான்.

"கண்டியளா? அவன் கேட்டான். சத்தம் இல்லாம கேட்டான், அவ்வளவுதான். பேச்சு வாயில தொடங்காது அண்ணே. ஒரு ஆளப் பாத்து, 'நீ செய்து தா'ன்னு கேக்கணும்னு தோணணும்லா, அங்கதான் தொடங்கும்."

எழுந்து போகும்போது ஷிஜின் இரண்டு கேள்வி கேட்டான். இவள் செய்த காரியத்தால்தான் பிள்ளைக்குப் பேச்சு வராமல் போயிற்றா என்பது ஒன்று. பிரீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல. அம்ம செய்த தப்புனால எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமசிக்காது. நாளு கொஞ்சம் வீணாப் போச்சு, அது உள்ளது. இவனுக்கு இன்னும் மூணு வயசு தெகையல்ல, இப்பமே தொடங்கிட்டோம்லா."

"எனக்க லீவு தீருகதுக்குள்ள அப்பான்னு கூப்பிடுவானா?"

ரேஷ்மி சிரிக்கவில்லை. "அத நான் வாக்குத் தர மாட்டேன். நான் வாரத்துல கொஞ்ச நேரந்தான் பாப்பேன், மீதி நேரமெல்லாம் நீங்கதான் தெரபிஸ்ட். வார்த்த எப்பம் வரும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க."



ரேஷ்மியிடம் அடுத்தடுத்துப் போனார்கள். நாளாக ஆக ஜெப்சன் அந்த மாடியை அடையாளம் கண்டுகொண்டு படியேறும்போதே சிரிக்க ஆரம்பித்தான். குமிழி ஊதுவதை நிறுத்தினால் ரேஷ்மியின் முகத்தைப் பார்த்தான். அப்படி ஒரு நாள் விளையாடிக்கொண்டிருக்கும்போதுதான் ரேஷ்மி, பிள்ளைக்கு என்னென்ன புரிகிறது என்று பார்ப்பதற்காக, "பந்து எங்க?" என்று கேட்டாள். ஜெப்சன் பந்தைப் பார்த்தான். "அம்மா எங்க?" பிரீனாவிடம் போய் ஒட்டிக்கொண்டான். ஷிஜின் ரேஷ்மிக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அடுத்த கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா எங்க?"

ஜெப்சன் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஷிஜினின் முகத்தையும் பார்த்தான், பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். நேராகப் பிரீனாவின் பைக்குப் போய், கைவிட்டுத் துழாவி, அவள் போனை எடுத்தான். ரேஷ்மியிடம் கொண்டுவந்து அந்தக் கறுப்புத் திரையின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தான். பிறந்து இதுவரை எதையும் சுட்டிக் காட்டாத விரல் அது.

ரேஷ்மி தன்னை அறியாமலே கைதட்டிவிட்டாள். "ஆமா! அப்பா! அப்பா!" கேள்வி புரிந்திருக்கிறது, தேடியிருக்கிறான், எடுத்துவந்து காட்டியிருக்கிறான், விரல் நீட்டியிருக்கிறான். அவள் தொழிலில் அது பெரிய நாள். அப்புறம்தான் ஷிஜினின் முகத்தைப் பார்த்தாள், தட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஷிஜின் பேயறைந்தவனைப்போல் உட்கார்ந்திருந்தான். மனைவியின் குரல் என்று தெரிந்தபோது கோபப்பட ஆள் இருந்தது. இதற்கு யாரைத் திட்டுவது? ரத்தமும் சதையுமாக எதிரே உட்கார்ந்திருக்கிறான், பிள்ளைக்கு அவன் யாரோ ஒரு ஆள். அப்பா அந்தப் போனுக்குள் இருக்கிறான். சிரிக்கிறான், பேசுகிறான், முத்தம் கொடுக்கிறான். பிள்ளை ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"நான் வெளிய நிக்கேன்" என்று எழுந்தான். படியில் பாதி இறங்கி உட்கார்ந்துவிட்டான். துணிக்கடையில் கிறிஸ்துமஸ் கூட்டம், பிள்ளைகளுக்குச் சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமில்லாமல் அழுதான்.

ரேஷ்மி வந்து இரண்டு படி மேலே நின்றாள். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? போனுக்குள்ள இருக்க அப்பான்னா அவனுக்கு உயிரு. எப்படி ஓடிப்போயி எடுத்தான் பாத்தியளா? அது ஒங்களுக்க சத்தந்தான், ஒங்களுக்க மொகந்தான். நீங்க அதுல இருந்து வெளிய வரணும். அதுக்கு இப்பம்தான் நேரம் கெடச்சிருக்கு."

அன்றிலிருந்து வீட்டில் பிள்ளையின் கண்ணில் போன் படவில்லை. பிரீனா அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். ஷிஜின் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஜெப்சனோடு தரையில் கிடந்தான். அவன் உருட்டினால் இவனும் உருட்டினான், அவன் தட்டினால் இவனும் தட்டினான், எதைச் செய்தாலும் அதற்கு ஒரு சின்ன வார்த்தை சொன்னான். குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அவன் வேலையாயிற்று. ஊட்டுகிற கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். முதலில் அதெல்லாம் வீண்தான். பிள்ளை ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவருவான். யாரோ ஒரு ஆள் கேட்டால் தருவானா, அம்மாதான் தருவாள் என்று அவனுக்குத் தெரியாதா?

பிரீனாவோடு அவன் தேவைக்கு மட்டும் பேசினான். ஒருநாள் பக்கத்து வீட்டு ரீத்தா புட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஜெப்சனின் கன்னத்தைக் கிள்ளி, "பேரு என்ன மக்களே?" என்று கேட்டாள். பிரீனாவுக்கு ஊறிப்போன பழக்கம். பிள்ளையின் பின்னால் நின்றுகொண்டு சட்டென்று, "ஜெப்பு..." என்றாள்.

முற்றத்தில் நின்ற ஷிஜின் சட்டென்று திரும்பினான். அதே குரல். ஷார்ஜாவில் அவனை எழுப்பிய, தூங்கவைத்த, அழாதே என்ற குரல். அவன் போனில் மட்டும் கேட்டது, இப்போது வெயிலில், கைக்கெட்டுகிற தூரத்தில். பிரீனா வாயைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். போனில் பேசிய அந்தப் பிள்ளை செத்துப்போனதைப்போல இருந்தது ஷிஜினுக்கு. பிறக்காத ஒரு பிள்ளைக்காக அழவும் முடியாமல், தன் துக்கத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு அந்தக் குரலிலேயே ஆறுதல் சொன்னவளைக் கோபிக்கவும் முடியாமல் நின்றான். ரீத்தா போனபிறகு, "சாயா போடு பிள்ளே. நமக்கு ரெண்டுபேருக்கும்" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் அவளிடம் நல்லபடியாகக் கேட்டது அதுதான் முதல்.

கிறிஸ்துமஸ் போயிற்று, புது வருஷ ஆராதனை போயிற்று. லீவு தீர்ந்தது. "அப்பா" வரவில்லை. ஜெப்சன் விரல் நீட்டினான், குமிழியைப் பார்த்து "ப்" என்றான், காருக்கு "ர்ர்" என்றான். ரேஷ்மி ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டாள். ஷிஜினும் சந்தோஷப்பட்டதைப்போல் காட்டிக்கொண்டான். திரும்பிப் போனதும் அவன் மறுபடி போனுக்குள் போய்விடுவான், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சிரிக்கிற அப்பாவாகிவிடுவான் என்ற பயம் அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

பெட்டி கட்டி வைத்த அன்று காலையும் அவன்தான் பிள்ளையைப் பின்பக்கம் குழாயடியில் குளிப்பாட்டினான். வாளி நிறைய வெள்ளம். கப்பில் கோரி உயரத் தூக்கி, "ஊத்தட்டா... ஊத்து!" என்று தலையில் ஊற்றினால் ஜெப்சன் கெக்கலி கொட்டுவான். மறுபடி கோரினான், தூக்கினான், நிறுத்தினான். பிரீனா அடுக்களை வாசலில் துண்டோடு நின்றாள்.

ஜெப்சன் கப்பைப் பார்த்தான். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தான். அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தான். சரி, வழக்கம்போல் அவளைக் கூப்பிடத்தான் போகிறான் என்று ஷிஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏமாந்துபோன அந்த முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு.

ஈரமான இரண்டு சின்னக் கைகள் அவன் தாடையைப் பிடித்தன. பலமாக, டப்பா மூடியைத் திருப்புவதைப்போல், முகத்தைத் தங்கள் பக்கம் திருப்பின. ஜெப்சன் குந்தியிருந்த அப்பனின் கண்ணுக்குள் பார்த்தான். இமை தட்டாமல் பார்த்துக்கொண்டு, "ஊ" என்றான்.

ஷிஜின் உறைந்துபோனான். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. கேட்டால் உடனே கொடுக்க வேண்டும் என்று ரேஷ்மி படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் பறந்துபோயிற்று.

"ஊத்துங்க அத்தான்!" என்று பிரீனா வாசலில் இருந்து கத்தினாள். "ஊத்துங்க, வெள்ளந்தானே கேக்கான்!"

ஜெப்சன் விடவில்லை. தாடையை இன்னும் இறுக்கிப் பிடித்து, "ஊ!" என்றான்.

"நீ அங்கதானே நிக்க?" என்றான் ஷிஜின். "ஒன்ன அவன் கண்டான்லா பிள்ளே?"

"கண்டான்."

"எனக்கிட்டத்தானேட்டீ கேட்டான்" என்றான் ஷிஜின். கப்பு கையிலிருந்து நழுவி உருண்டது. வாளியை அப்படியே தூக்கிப் பிள்ளையின் தலையிலும் தன் தலையிலும் சேர்த்து ஊற்றினான்.